நூறாண்டுக்குப் பின் துடைத்த கண்ணீர்

இறப்பு மாந்தர் யாவர்க்கும் பொது. இறந்தாரை நினைந்து அழுவதும் பொது. அழுகைக்கு ஓர் எல்லை வகுத்து, அழுதவரைக் கைபிடித்து மீண்டும் வாழ்வுக்குள் அழைத்து வரும் முறை மட்டும் குலத்துக்குக் குலம், நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று நம்மவர் வகுத்துக்கொண்ட நாட்கள் இறந்தவருக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல, இருப்பவருக்காகவும் ஏற்பட்டவை. அந்நாட்களை ஒவ்வொன்றாகக் கடந்தே துக்க வீட்டார் உலக வழக்குக்குத் திரும்புகின்றனர்.

இத்தகைய துக்கமுறையைச் செய்வதே குற்றம் என்று ஓர் அரசு விதி வகுத்தால் என்னாகும்? தடுக்கப்பட்ட துக்கம் காலப்போக்கில் தானாக மறைந்துவிடுமா? அன்றி, நெஞ்சுக்குள் புதைந்து, பிள்ளைக்கும் பேரனுக்கும் முதுசொம் போல் இறங்கி வருமா? வட அமெரிக்காவின் சமவெளியில் வாழும் லக்கோட்டா மக்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. 1890 ஆம் ஆண்டில் அம்மக்களுள் பல நூற்றுவர் ஒரே நாளிற் கொல்லப்பட்டனர். அவர்களுக்குரிய துக்கத்தை அவர்தம் சந்ததியார் முறைப்படி நிறைவேற்றி முடித்தது 1990 ஆம் ஆண்டிலாகும். இடைப்பட்ட நூறாண்டில் அத்துக்கம் எங்கே கிடந்தது, எவ்வாறு வெளிப்பட்டது, எம்மருந்தினால் ஆறத் தொடங்கியது என்பது அறியத்தக்க செய்தியாகும்.

லக்கோட்டா மக்கள், பழைய நூல்கள் செவ்விந்தியர் என்று குறிக்கும் அமெரிக்க ஆதிக்குடிகளுள் ஒரு பிரிவினர். சூ என்னும் பெரிய இனத்தின் மேற்குக் கிளையினரான இவர்கள் ஏழு குழுக்களாக வாழ்ந்தனர். காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து குதிரை மீது திரிந்த அவர்களுக்கு அவ்விலங்கே உணவு, உடை, உறைவிடம் யாவும் தந்தது. கருங்குன்றுகள் எனப்படும் மலைத்தொகுதி அவர்களுக்குப் புனித பூமி. உற்றார் உறவினர் என்னும் சொல்லுக்குள் மனிதரை மட்டுமன்றி, விலங்கு, பறவை, மரம், கல் ஆகிய அனைத்தையும் அடக்கிக் கருதுவது அவர்தம் சமயத்தின் அடிப்படையாகும்.

அச்சமயத்தின் ஏழு பெருஞ் சடங்குகளுள் ஒன்று ஆவி காத்தல். வீட்டில் ஒருவர் இறந்தால் அவரது தலைமயிரிற் சிறிது கொய்து, வாசனைப் புல்லின் புகையிற் காட்டி, மான்தோலிற் சுற்றி, கூடாரத்திற் சிறப்பானதோர் இடத்தில் வைப்பர். அதனைக் காக்கும் பொறுப்பை உறவினர் ஒருவர் ஏற்பார். அவர் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் கத்தியைத் தொடாமலும், கடுஞ்சொல் பேசாமலும், சண்டையிற் சேராமலும் வாழ்தல் வேண்டும். இறந்தவருக்கென உணவின் ஒரு பங்கு நாள்தோறும் ஒதுக்கப்படும். வீட்டார் ஆண்டு முழுவதும் பொருள் சேர்த்து, முடிவு நாளில் ஊரை அழைத்து விருந்திட்டு, சேர்த்த அனைத்தையும் பிறருக்கு ஈந்துவிடுவர். அன்று ஆவி விடுதலை பெறும். துக்கம் காத்தவரும் விடுதலை பெறுவர். துக்கத்தைத் தனியொருவரின் நெஞ்சிற் கிடந்து அழுக விடாமல், ஊர் முழுவதும் பங்கிட்டுச் சுமந்து, குறித்த நாளில் இறக்கிவைத்தற்கு அவர்கள் கண்ட வழி இதுவாகும். உளநூல் என்றொரு துறை ஐரோப்பாவிற் கால்கொள்வதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வழி வழக்கில் இருந்தது.

வெள்ளையர் குடியேற்றம் மேற்கு நோக்கிப் பரவியபோது அவ்வாழ்வு ஆட்டங்கண்டது. 1868 ஆம் ஆண்டு லறமிக் கோட்டையிற் செய்யப்பட்ட உடன்படிக்கையால், கருங்குன்றுகள் உள்ளிட்ட பெருநிலப்பரப்பு லக்கோட்டா மக்களுக்கே உரியதென அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. 1874 இற் குன்றுகளிற் பொன் உண்டென்பது உறுதிப்பட்டது. பொன் தேடுவோர் திரளாக நுழைந்தனர். 1876 இல் லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் தளபதி கஸ்ரர் தலைமையிலான ஏழாவது குதிரைப்படை பெருந்தோல்வி கண்டதாயினும், அடுத்த ஆண்டே அரசு சட்டத்தின் மூலம் குன்றுகளைப் பறித்துக்கொண்டது. 1889 இல் எஞ்சிய நிலமும் சிறு சிறு ஒதுக்கிடங்களாகத் துண்டாடப்பட்டது. காட்டெருமை மந்தைகளும் வேட்டையால் அழிந்தொழிந்தன. வேட்டையாடி வாழ்ந்தவர் அரசு அளந்து கொடுக்கும் மாவையும் இறைச்சியையும் நம்பி வரிசையில் நிற்கலாயினர்.

நிலத்தைப் பறித்ததோடு அரசு நிற்கவில்லை. 1879 இற் பென்சில்வேனியா மாநிலத்திற் காலைல் என்னும் இடத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையொன்று நிறுவப்பட்டது. அதன் முதல் மாணாக்கர்களுள் லக்கோட்டாப் பிள்ளைகளும் இருந்தனர். பிள்ளைகள் தாய்மொழி பேசுவது தடுக்கப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன, தலைமயிர் கத்தரிக்கப்பட்டது. மயிரைக் குறைப்பது அவர்கள் மரபிலே துக்கத்தின் அடையாளமாகும். இத்தகைய பாடசாலையொன்றிற் பயின்ற சித்கலா சா என்னும் டக்கோட்டாப் பெண்மணி, தம் மயிர் வெட்டப்பட்ட நாளின் வேதனையை 1900 இல் எழுதிப் பதிந்துள்ளார். வீட்டில் யாரும் இறவாதிருக்கவும், தலையிற் சாவின் அடையாளத்தைச் சுமந்த பிள்ளைகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1883 இல் வந்தது மற்றுமோர் அடி. அவ்வாண்டு உள்நாட்டு அலுவற் செயலாளராக இருந்த ஹென்றி ரெல்லரின் ஏவலால், ஒதுக்கிடங்களில் விசாரணை மன்றுகளை நிறுவி, ஆதிக்குடிகளின் வழக்கங்களைக் குற்றங்களாக அறிவிக்கும் விதிகள் வெளியாயின. சூரிய நடனம் ஆடினால் உணவுப் பங்கீடு நிறுத்தப்படும். மரபு வைத்தியர் தம் தொழிலைச் செய்தாற் பத்து நாளுக்குக் குறையாத சிறை. துக்கத்தின்போது பொருள்களை எடுத்தலோ அழித்தலோ குற்றம். தாம் துக்கங் காப்பவர் என்றும், அது தம் குலவழக்கம் என்றும் ஒருவர் சொல்லும் விடை ஏற்கப்படமாட்டாது என்பதும் அவ்விதிகளில் எழுதப்பட்டிருந்தது. ஆவி காத்தலும் 1890 இல் அரசினால் தடுக்கப்பட்டதென்றும், காக்கப்பட்டு வந்த ஆவிகள் யாவும் அரசு குறித்த ஒரு நாளில் விடப்படல் வேண்டுமெனப் பணிக்கப்பட்டதென்றும், பிளாக் எல்க் என்னும் லக்கோட்டா ஞானியின் கூற்றுக்களைத் தொகுத்து 1953 இல் வெளியிட்ட யோசேப் எப்ஸ் பிறவுண் குறித்துள்ளார். துக்கம் எப்போது முடியவேண்டும் என்பதையும் அரசே தீர்மானித்தது!

அந்த 1890 ஆம் ஆண்டே பேரிடியைக் கொணர்ந்தது. மழை பொய்த்தது, பயிர் கருகியது, அரசு தரும் இறைச்சியும் குறைக்கப்பட்டது. பசியும் நோயும் குழந்தைகளைக் கொண்டுபோயின. அவ்வேளை, நெவாடாப் பகுதியில் வோவோக்கா என்னும் பாயூற் இனத்தவர் ஒருவர் கண்ட காட்சி பற்றிய செய்தி சமவெளியெங்கும் பரவியது. குறித்த நடனத்தை ஆடினால் இறந்த முன்னோர் மீண்டு வருவர், காட்டெருமை மந்தைகளும் மீண்டு வரும் என்பது அச்செய்தி. மக்கள் வட்டமாகக் கைகோத்து நின்று, இறந்தாரின் பெயர் சொல்லி அழுது ஆடினர். மயங்கி விழுந்து எழுந்தோர் தம் தாய் தந்தையரைக் கண்டதாகக் கூறினர். வழக்கமான துக்கமுறைகள் அடைக்கப்பட்ட நிலையில், பெருகிய துக்கம் தனக்குத் தானே வெட்டிக்கொண்ட வாய்க்கால் அது எனலாம். அதிகாரிகளோ அதனைப் போர்க்கோலமென்று அஞ்சிப் படையை அழைத்தனர்.

டிசெம்பர் 15 ஆம் நாள் பெருந்தலைவர் சிற்றிங் புல்லைக் கைதுசெய்யச் சென்ற பொலிசார் அவரைச் சுட்டுக் கொன்றனர். இச்செய்தி கேட்டுக் கலங்கிய மினிக்கொன்சு குழுவின் தலைவர் சி தாங்கா, தம் மக்களுடன் பைன் றிட்ஜ் ஒதுக்கிடத்தை நோக்கிப் புறப்பட்டார். பெரும்பாதன் என்பது அப்பெயரின் பொருள். அவர் சுவாசநோயால் நலிந்து வண்டியிற் படுத்திருந்தார். 28 ஆம் நாள் ஏழாவது குதிரைப்படை அவர்களை வழிமறித்து, வூண்டட் நீ என்னும் ஓடைக்கரையில் இரவு தங்கச் செய்தது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக அவர்கள் ஏறக்குறைய 350 பேர். சுற்றிலும் 500 அளவிலான படையினர். மேட்டின் மீது நான்கு பீரங்கிகள்.

மறுநாட் காலை படையினர் ஆயுதங்களைக் களையத் தொடங்கினர். அக்குழப்பத்தில் ஒரு துப்பாக்கி வெடித்தது. உடனே எல்லாப் பக்கத்தாலும் சூடு தொடங்கியது. பீரங்கிகள் கூடாரங்களின் மீது முழங்கின. ஓடைப் பள்ளத்தில் ஓடிய பெண்களும் குழந்தைகளும் தொலைதூரம் துரத்திச் சுடப்பட்டனர். படையினருள் இருபத்தைவர் வரை மாண்டனர். அவர்களுட் சிலர் தம்மவர் குண்டுக்கே இரையாயினர் என்பர். லக்கோட்டா மக்களுள் இறந்தோர் தொகையை 150 முதல் 300 வரை பலரும் பலவாறு கணிக்கின்றனர். காயமுற்றோர் பைன் றிட்ஜ் தேவாலயத்திற் கிடத்தப்பட்டனர். அங்கு நத்தார் விழாவுக்காகக் கட்டிய பச்சைத் தழைத் தோரணங்கள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அவர்களைப் பராமரித்தவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் ஈஸ்ற்மன் என்னும் டக்கோட்டா வைத்தியர். அவ்வாண்டே பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றவர்.

பனிப்புயல் வீசியது. சடலங்கள் வெட்டவெளியில் உறைந்து கிடந்தன. 1891 சனவரித் தொடக்கத்திற் கூலியாட்கள் மேட்டின் மீது நீண்டதொரு குழி வெட்டி 146 சடலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு மூடினர். மயிர் கொய்து காப்பதற்கும், பெயர் சொல்லி அழுவதற்கும், விருந்திட்டு விடைகொடுப்பதற்கும் உறவினருக்கு இடமில்லாது போயிற்று. இறந்தோரின் ஆடைகளையும் அணிகளையும் களைந்து நினைவுப்பொருளாக விற்றோரும் உளர். அரசு, அந்நாளில் வீரம் காட்டினர் என்று கூறி ஏறக்குறைய இருபது படையினருக்கு நாட்டின் அதியுயர் வீரப்பதக்கத்தை வழங்கியது.

உயிர் பிழைத்தவர்களின் பிற்காலம் இத்துயரின் தன்மையைக் காட்டும். டூவி பியேட் என்பவர் அன்று பெற்றோரையும் மனைவியையும் இழந்தார். அவரது கைக்குழந்தையும் சில திங்களில் இறந்தது. அவர் 1938 இல் அமெரிக்கத் தலைநகருக்குச் சென்று கொங்கிரசுக் குழுவின் முன் தாம் கண்டதைச் சொன்னார். இழப்பீட்டு மசோதா நிறைவேறவில்லை. அவர் 1955 இற் காலமானார். மற்றொருவர், இறந்த தாயின் உடலருகே, கொலைக்கு நான்காம் நாள் உயிருடன் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தை. தொலைந்த பறவை என்று பெயர் பெற்ற அக்குழந்தையைப் படையதிகாரி ஒருவர் தத்தெடுத்தார். அவள் வெள்ளையர் சமூகத்திலும் தன் மக்களிடத்தும் இடங்காணாது அலைந்து, இளவயதிலே கலிபோர்ணியாவில் இறந்தாள். அவளுடைய எலும்புகள் 1991 இலேதான் வூண்டட் நீ மேட்டுக்கு மீண்டன.

பின்வந்த காலம் ஒரு நெடிய மௌனம். சடங்குகள் முற்றாக அழிந்தன அல்ல. தொலைவான பள்ளத்தாக்குகளில், இரவில், காவல் வைத்து, முதியோர் அவற்றை மறைவாகச் செய்துவந்தனர். 1934 இல் ஆதிக்குடி அலுவல் ஆணையாளர் ஜோன் கொலியர் அவர்தம் சமயத்தில் தலையிடலாகாது எனச் சுற்றறிக்கை விடுத்தார். ஆதிக்குடிகளின் சமய சுதந்திரத்தைக் காக்கும் சட்டம் 1978 இலேயே நிறைவேறியது. ஆயினும், விடுதிப் பாடசாலைகளில் வளர்ந்த தலைமுறைகள் பெற்றோரிடம் வளரும் வாய்ப்பை இழந்தமையால், பெற்றோராயிருக்கும் முறையையும் கற்கவில்லை. அன்பைக் காட்ட அறியாத தந்தையர், பேசாத தாய்மார், மதுவிற் புகலிடம் தேடிய ஆடவர், காரணம் தெரியாத வெட்கத்துடன் வளர்ந்த பிள்ளைகள் என்று துயரம் பல உருக்கொண்டது. வெளியிலிருந்து வந்த வைத்தியர் மதுப்பழக்கத்தைத் தனி நோயென்றும், தற்கொலையைத் தனி நோயென்றும், மனச்சோர்வைத் தனி நோயென்றும் குறித்துக்கொண்டனர். அவற்றின் வேர் ஒன்றாயிருத்தல் கூடும் என்பதை அவர்தம் ஏடுகள் கூறவில்லை.

இந்நிலையில், 1986 இற் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர். பேர்ஜில் கில்ஸ் ஸ்ரெயிற், அலெக்ஸ் வைற் புளூம் முதலானோரும், லக்கோட்டா மக்களின் புனிதப் புகைக்குழாயைக் காக்கும் பத்தொன்பதாந் தலைமுறையினரான ஆர்வல் லுக்கிங் ஹோர்சும் அவர்களுள் அடங்குவர். சி தாங்காவும் அவர் மக்களும் கடைசியாகச் சென்ற வழியே, அதே குளிர்காலத்தில், குதிரை மீது தாமும் செல்வதென்பது அம்முடிவு. நான்கு ஆண்டுகள் அவ்வாறு சென்று, நூறாம் ஆண்டு நிறைவில் துக்கத்தை முடிப்பது அவர்தம் எண்ணம். நான்கு என்பது லக்கோட்டா மரபிற் புனித எண்ணாகும். வூண்டட் நீயில் மக்களின் புனித வளையம் உடைந்துபோயிற்று என்பது அவர்களிடையே வழங்கும் கூற்று; அவ்வளையத்தைப் பொருத்துவதே யாத்திரையின் நோக்கம்.

முதலாண்டில் வந்தோர் பத்தொன்பதின்மர். 1990 இல் அத்தொகை ஏறக்குறைய முந்நூறாயிற்று. அவ்வாண்டு சிற்றிங் புல் வீழ்ந்த இடத்திலிருந்தே யாத்திரை தொடங்கியது. மூச்சும் உறையும் குளிரில், முதியோரும் சிறுவரும் இரு வாரம் குதிரை மீது சென்றனர். இரவில் வழியூர்களின் மண்டபங்களில் உணவும் உறைவிடமும் கிடைத்தன. பெரியோர் தத்தம் குடும்பத்துக் கதைகளை அப்போதுதான் முதன்முறையாக வாய்திறந்து கூறினர். குதிரையேறியவருள் மாண்டோரின் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் பலர். தம் முன்னோர் உணர்ந்த குளிரைத் தம் உடலும் உணர்தல் வேண்டும் என்றே அவர்கள் அக்கடுமையை விரும்பி ஏற்றனர்.

1990 டிசெம்பர் 29 ஆம் நாள், மேட்டின் மீதுள்ள நெடுங்குழியைச் சூழ நின்று கண்ணீர் துடைக்கும் சடங்கு நிகழ்த்தப்பட்டது. துக்கங் காப்பவரின் கண்ணீரைத் துடைத்து, பருகத் தண்ணீர் கொடுத்து, உணவளித்து, இனி வாழ்வோருடன் சேர்ந்து வாழ்க என விடுத்தலே அச்சடங்கின் சாரம். மாண்டோரின் பெயர்கள் சொல்லப்பட்டன. ஓராண்டில் முடியவேண்டிய துக்கம் நூறாண்டு கழித்து முடிவுற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அமெரிக்கக் கொங்கிரஸ், வூண்டட் நீ நிகழ்ச்சிக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானமொன்றை நிறைவேற்றியிருந்தது. அத்தீர்மானம் மன்னிப்புக் கோரவில்லை. அரசின் சொல்லுக்காகக் காத்திராமல் தம் கண்ணீரைத் தாமே துடைத்துக்கொண்டதில் அம்மக்களின் பெருமை விளங்குகின்றது.

மக்கள் குதிரை மீது தேடிய அதே விடையை, அக்காலத்தில் ஓர் அறிஞர் கல்வித்துறையிற் தேடிக்கொண்டிருந்தார். அவர் மரியா யெல்லோ ஹோர்ஸ் பிரேவ் ஹார்ட் என்னும் லக்கோட்டாப் பெண்மணி, சமூகப்பணித் துறையினர். போர் முதலிய கொடுமைகளின் பின் நிலைத்துநிற்கும் மனவடுவை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980 இல் ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்நோய் விளக்கம் தனியொருவருக்குத் தம் வாழ்நாளில் நேர்ந்த கொடுமையையே கருதியது. பிறப்பதற்கு முன்னர் நேர்ந்த கொடுமையாலும், ஒரு குலம் முழுவதற்கும் நேர்ந்த கொடுமையாலும் வருந்துவோருக்கு அவ்விளக்கம் போதவில்லை. நாசிகளின் கொடுமைக்குத் தப்பிய யூதர்களின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைக் கற்ற பிரேவ் ஹார்ட், தம் மக்களிடத்தும் அவ்வடையாளங்கள் உண்டெனக் கண்டார். தலைமுறை தலைமுறையாகத் திரண்டு வரும் உள்ளக் காயத்துக்கு வரலாற்று மனவடு என்று அவர் பெயரிட்டார். அதன் நடுவே கிடப்பது துக்கிக்கப்படாத துக்கம் என்றார்.

1992 இல் அவர் தக்கினி என்னும் அமைப்பைத் தொடங்கினார். பிழைத்து எழுந்தவர் என்பது அச்சொல்லின் கருத்து. கருங்குன்றுகளில் நான்கு நாள் நடைபெற்ற ஒரு கூட்டத்தில், மக்கள் நலப்பணியில் ஈடுபட்டிருந்த லக்கோட்டா மக்கள் 45 பேர் கலந்துகொண்டனர். முதலில், நிகழ்ந்த வரலாற்றை மறைக்காது எதிர்கொண்டனர். அடுத்து, அவ்வரலாறு தம் வீட்டுக்குள் எவ்வாறு புகுந்தது என்பதை உணர்வதற்காக, தத்தம் வாழ்வின் இழப்புக்களைக் கோடாக வரைந்து ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தனர். பின்னர் வேதனையை வெளிவிட்டனர். இறுதியில் அதனைக் கடந்து நிற்க முயன்றனர். பேச்சோடு சடங்கும் இணைந்திருந்தது. வளைத்த கழிகளால் அமைந்த சிறு குடிலினுள் சுட்ட கற்களின் மீது நீர் வார்த்து, எழும் ஆவியில் அமர்ந்து வழிபடும் இனிப்பீ என்னும் தூய்மைச் சடங்கும், கண்ணீர் துடைத்தலும் அங்கு இடம்பெற்றன. குற்றவுணர்வும் வெட்கமும் தம்மிடத்துக் குறைந்தன, தம் குலத்தைப் பற்றிய பெருமை ஓங்கியது என்று வந்தோரிற் பலர் பின்னர் தெரிவித்தனர். இம்முயற்சியைப் பற்றி அவர் 1998 இல் வெளியிட்ட கட்டுரையைப் பிற நாட்டு ஆதிக்குடிகளிடையே பணியாற்றுவோரும் கற்றனர்.

இவ்வழியில் வெட்கத்தின் இடம் மாறுவதைக் கவனித்தல் வேண்டும். வரலாறு அறியாத இளைஞன், தன் தந்தையின் குடியைக் கண்டு, நம் குலமே இழிந்தது என்று எண்ணுகின்றான். தந்தை எப்பாடசாலையில் வளர்ந்தார், பாட்டன் யாரை எங்கே இழந்தார் என்பதை அறிந்தபின், இழிவு குலத்தினது அன்று, அக்குலத்துக்கு இழைக்கப்பட்டதே இழிவு என்று தெளிகின்றான். அத்தெளிவே மருந்தின் முதற் பங்கு. அறிந்ததைத் தனியே சுமவாது ஊரோடு கூடி அழுதல் அதன் மறுபங்கு. அறிவு மட்டும் இருப்பின் அது கோபமாய் முடியும்; அழுகை மட்டும் இருப்பின் அது சோர்வாய் முடியும்.

இக்கருத்துக்கு மாற்றுரை இல்லாமல் இல்லை. மனவடு என்னும் சொல்லே மேலைநாட்டு வைத்தியத்தின் சொல் என்றும், நிலம் பறித்தல், வறுமை, அநீதி ஆகியவற்றை அது நோயாளியின் உள்ளத்துக்குள் அடைத்துவிடும் என்றும் யோசேப் கோன் என்னும் ஆதிக்குடி உளநூலறிஞர் எச்சரித்துள்ளார். மரபுச் சடங்குகளை மேலைநாட்டுச் சிகிச்சைக்குத் துணைக்கறியாக வையாது, அவற்றையே சிகிச்சையாகக் கொள்ளுதல் வேண்டும் என்பார் உளர். சடங்கு ஒன்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதுவதும் தவறு. பைன் றிட்ஜ் பழங்குடி அரசு 2015 இல், இளையோர் பலர் தற்கொலை செய்துகொண்டமையால் அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. வேலையும் வீடும் வைத்தியமும் இல்லாத இடத்திற் கண்ணீர் மீண்டும் மீண்டும் ஊறும். கருங்குன்றுகள் அநியாயமாகப் பறிக்கப்பட்டன என்று 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பத்துக் கோடி டொலருக்கு மேல் இழப்பீடு குறித்தது. வட்டி சேர்ந்து நூறு கோடி டொலரைக் கடந்துவிட்ட அப்பணத்தை, அமெரிக்காவிலேயே வறுமை மிக்க சமூகங்களுள் ஒன்றாய் இருந்தும் அம்மக்கள் தொடவில்லை. குன்றுகள் விலைக்கு உரியன அல்ல என்பதே அவர்தம் விடை.

ஆயினும், திரும்பி வருவன சில உண்டு. கொலைக்களத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டதாகக் கருதப்பட்ட நடனச் சட்டையொன்று ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர நூதனசாலையில் நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1999 இல் அது லக்கோட்டா மக்களிடம் மீண்டது. 2021 இற் காலைல் பாடசாலைக் கல்லறையிலிருந்து, றோஸ்பட் ஒதுக்கிடத்துப் பிள்ளைகள் ஒன்பதின்மரின் எலும்புகள் ஊர் வந்து சேர்ந்தன. 2022 இல் மசசூசெற்ஸ் மாநிலத்து நூதனசாலையொன்று, வூண்டட் நீயிலிருந்து வந்தவை உள்ளிட்ட ஏறக்குறைய 150 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு, இரு லக்கோட்டா அரசுகள் கூடிக் கொலைக்களத்தில் 40 ஏக்கர் நிலத்தை விலைகொடுத்து வாங்கின. 2024 ஒக்ரோபரில் ஜனாதிபதி பைடன் விடுதிப் பாடசாலைகளுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். வீரப்பதக்கங்களோ வேறு கதை. அவற்றை மீளாய்வு செய்ய 2024 இல் ஆணை பிறந்தது. 2025 இல், பதக்கங்கள் நிலைக்கும் என்று பாதுகாப்புத் துறை அறிவித்தது. அரசின் சொல் ஒருநாள் இப்பக்கமும் மறுநாள் அப்பக்கமும் சாயக்கூடியது என்பதற்கு இது சான்று.

ஆகவே, லக்கோட்டா மக்களின் வரலாறு தரும் விடை இதுவாகும்: தடுக்கப்பட்ட துக்கம் அழிவதில்லை, உரியவர் வந்து முறைப்படி இறக்கிவைக்கும்வரை அது காத்திருக்கின்றது. நீதி வழங்குதல் அரசின் கடன். அக்கடன் தீரும்வரை கேட்டுக்கொண்டிருப்பது மக்களின் உரிமை. ஆயின், இறந்தாரின் பெயர் சொல்லி அழுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அழுவோரைத் தடுக்காதிருத்தலே பிறர் செய்யத்தக்க முதல் உதவி.

1990 உடன் அந்த யாத்திரை நின்றுவிடவில்லை. வருந் தலைமுறைக்கான யாத்திரை என்று பெயர் மாறி, பின்னரும் டிசெம்பர் தோறும் தொடர்ந்து வந்துள்ளது. பெரும்பாலும் இளைஞரும் சிறுவருமே அதிற் குதிரையேறுகின்றனர். துக்கம் முடிந்தபின் அவ்வழியே செல்வது எதற்கெனின், பாட்டன்மார் நடந்த தடத்தைப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டு, வழியூர்களில் விருந்துண்டு, குதிரையைப் பேணக் கற்று, தாய்மொழியிற் பாடிச் செல்வதற்கு. முன்னோர் கொல்லப்படுவதற்காக நடந்த வழியை, பேரர்கள் வளர்வதற்குரிய வழியாக ஆக்கிக்கொண்டனர்.